பின்சக்கரத்து நட்டு

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் என் மருமகளுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அந்த வண்டியைப் பற்றி எழுந்த எல்லாப் பேச்சும் கடைசியில் "அது என் வண்டி, மாமா" என்ற இடத்தில்தான் வந்து நிற்கும்.

அவள் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். பேத்தி அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலையில் இருவரும் லிங்கராஜபுரத்திலிருந்து கிளம்பி, மேம்பாலத்தில் ஏறி, ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறங்கிப் போவார்கள். மாலையில் அதே பாலத்தில் ஏறி இந்தப் பக்கச் சரிவில் இறங்கி வருவார்கள். ஆக ஒரு நாளைக்கு இரண்டு இறக்கங்கள். பின்னால் குழந்தை, அதன் முதுகில் பை, முன்னால் காலடியில் சாப்பாட்டுக் கூடை. மழைக்காலமானால் இதோடு கோட்டும் சேரும்.

நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போல்ட்டும் நட்டும் வாஷரும் என் கையில் எண்ணப்படாமல் உள்ளே வந்ததில்லை, வெளியே போனதும் இல்லை. ஓய்வு கிடைத்தது எனக்குத்தான், எண்ணுகிற புத்திக்கு அல்ல. கோவிலில் பூசை நடக்கும்போது நின்று போன மின்விசிறிகளை எண்ணுவேன். என் மனைவி ஜெபமாலை சொல்லும்போது ஒரு மணியைத் தவறவிட்டால் பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுப்பேன். "மாதாவே சும்மா இருக்காங்க, உங்களுக்கு என்ன?" என்பாள்.

இந்தப் புத்தியால்தான் ஆட்டோ சம்பவம் நடந்தது. மருமகள் பிரேக்கை அதிகம் பிடிக்கிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். எவ்வளவு பிடிக்கிறாள் என்று தெரிந்தால்தானே எப்போது தேயும் என்று சொல்ல முடியும்? ஒரு நாள் அவள் கிளம்பியதும் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, அந்த ஸ்கூட்டரின் பின்னாலேயே போகச் சொன்னேன். வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிற ஒவ்வொரு முறையும் எண்ணினேன். பள்ளி வாசல் வருவதற்குள் அது நாற்பத்தொன்று ஆயிற்று. நாற்பத்தொன்றாவது முறை எரிந்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் உடன் வேலை செய்யும் மூன்று ஆசிரியைகள். ஆட்டோக்காரர் நல்ல மனிதர், அமைதியாக இருந்திருக்கலாம். "மேடம், சார் உங்களைத்தான் எண்ணிக்கிட்டு வர்றார்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை மகன் வீடியோவில் வந்தான். "அப்பா, இனிமே அவ வண்டி விஷயத்துல நீங்க வாயே தொறக்கக் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க." பண்ணினேன். பேத்தி சாட்சி. என் எண்ணிக்கை தப்பு என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் பேச்சு. கண்ணைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அது பழைய வகை ஸ்கூட்டர். பின்சக்கரத்தின் நடுவில் டிரம் இருக்கிறது. அதற்குள் அரைவட்டமாக இரண்டு பிரேக் ஷூ. இடது கை லீவரைப் பிடித்தால் ஒரு கேபிள் இழுக்கும், ஷூ இரண்டும் விரிந்து டிரம்மின் உள்சுவரை அழுத்தும், சக்கரம் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு முறையும் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை கொஞ்சம் தேயும். தேயத் தேய லீவர் கைப்பிடிக்கு அருகில் வரும். அப்போது கேபிளின் நுனியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நட்டைத் திருகினால் லீவர் பழையபடி இறுகிவிடும். இதற்குத்தான் ஊரில் "டைட் பண்றது" என்று பெயர். அதில் தவறில்லை. ஆனால் நட்டு முன்னால் போகப் போக, அதற்குப் பின்னால் கேபிள் நுனிக் கம்பியில் மரைகள், அதாவது திருகு வரிகள், வெளியே தெரிய ஆரம்பிக்கும். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியே இருந்து சொல்வது அந்த மரைகள்தான். டிரம்மைத் திறக்காமலே எண்ணலாம். எனக்கென்றே வைத்த மாதிரி.

மழை தொடங்கும் முன் எண்ணியபோது மூன்று மரை. வாரா வாரம், மருமகள் குழந்தைக்குத் தலை வாரும் நேரத்தில், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் குனிவேன். ஒரு வாரம் லீவரை லேசாகப் பிடித்துப் பார்த்தேன். தளர்வாக இருந்தது. சொல்ல வாயில்லை. கையால் நட்டை அரைச்சுற்று திருகிவிட்டு எழுந்தேன். அந்த நட்டை அரைச்சுற்றாகத்தான் திருக முடியும். அதன் அடியில் இருக்கும் குழிவு கம்பி நுழைகிற குறுக்கு முளையில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தது. அவள் அன்று நல்ல பிரேக்கோடு போனாள் என்று எனக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி அடுத்த வாரம் போயிற்று. மரை ஐந்து இருந்தது. நான் திருகியது அரைச்சுற்று. கூடியிருப்பது இரண்டு மரை. கண்புரை அறுவை முடிந்த கண் ஏமாற்றுகிறதோ என்று குண்டூசி முனையை ஒவ்வொரு மரையிலும் வைத்து எண்ணினேன். ஐந்துதான். இன்னும் சில வாரங்களில் எட்டு. இடையில் நான் திருகியது இரண்டே முறை. நட்டு தானாக இறுகாது. தளர்வதென்றால் அதிர்வில் தளரும், இறுகுவதற்கு ஒரு கை வேண்டும். ஆனாலும் எப்போது பிடித்துப் பார்த்தாலும் லீவர் கல் மாதிரி உறுதியாக இருந்தது. அதனால் நான் கவலைப்பட வேண்டியது எதற்கு என்பதே எனக்குத் தெரியவில்லை. தெரியாத கவலை தெரிந்த கவலையைவிட மோசம்.

ஷூ முடிந்துவிட்டதா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. டிரம்முக்கு வெளியே, கேபிள் இழுக்கிற பிரேக் கை திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும், டிரம்மின் மூடியில் ஒரு கோடும் இருக்கும். லீவரை முழுவதும் அழுத்தும்போது அம்பு அந்தக் கோட்டைத் தொட்டால் ஷூ மாற்ற வேண்டும். ஆனால் இதற்கு இரண்டு பேர் வேண்டும். முன்னால் ஒருவர் அழுத்த, பின்னால் ஒருவர் பார்க்க. பாவாடை நாடா ஒன்றை எடுத்து லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டப் பார்த்தேன். கட்டிவிட்டுப் பின்னால் வருவதற்குள் நாடா நழுவியது. மறுபடி கட்டினேன்.

"ஏங்க, வண்டியைத் தூக்குல போடறீங்களா?" என் மனைவி வாசலில் நின்றாள்.

"வந்து இதைக் கொஞ்சம் புடி. ஒரே ஒரு தடவை."

"அம்மாடி, நான் மாட்டேன். ப்ராமிஸ் பண்ணது மறந்து போச்சா?"

"ப்ராமிஸ் பண்ணது நான். நீ பண்ணலியே."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. பிரேக் நல்லாத்தான் இருக்கு. உள்ள வாங்க, காப்பி ஆறுது." நாடாவை உருவிக்கொண்டு போய்விட்டாள். பிரேக் நல்லாயிருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அதே மழையில் ஒரு மாலை மருமகள் புதுச் செருப்போடு வந்தாள். பழையது வார் அறுந்துவிட்டது, பள்ளிக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டேன் என்றாள். பழைய ஜோடி ஒரு கவரில் சுற்றி அலமாரி அடியில் கிடந்தது. எதையும் எடுத்துப் பார்க்கிறவன் நான். வார் நன்றாகவே இருந்தது. குதிகால் இரண்டும் பின்பக்கம் சாய்வாகத் தேய்ந்து, கத்தியால் சீவின மாதிரி இருந்தன. மலிவான ரப்பர் என்று நினைத்துப் பழையபடி வைத்துவிட்டேன்.

எல்லாம் வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தோம். மருமகளும் பேத்தியும் ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள், நானும் மனைவியும் நடந்து. கோவில் சுவரை ஒட்டி ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. இருபத்தாறு. அவள் யாரோடோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் குனிந்தேன். பின்னால் பதினொரு மரை. அதைவிட, நட்டுக்கு முன்னால் மரையே இல்லை. வெறும் வழவழப்பான கம்பி. இனி யார் நினைத்தாலும் திருக முடியாது. டிரம்மின் மேல் விரலை வைத்தேன். சுட்டது. வீட்டிலிருந்து கோவிலுக்கு எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்துக்கு இரும்பு அப்படிச் சுடக் கூடாது. பிரேக் பிடிக்காதபோதும் உள்ளே உரசிக்கொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் திங்கள்கிழமை. மறுநாள் பாலம்.

சாப்பாட்டு மேசையில் கறிக்குழம்பு வைத்தார்கள். நான் சோற்றைத் தொடவில்லை.

"அம்மா, நாளைக்கு வண்டியை எடுக்காதே" என்றேன்.

பேத்திதான் முதலில் பேசியது. "தாத்தா, ப்ராமிஸ் பண்ணீங்கல்ல?"

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நிம்மதியா சாப்பிடலாமே."

"பின் பிரேக் முடிஞ்சு போச்சு."

"போன வியாழக்கிழமைதான் மெக்கானிக் பாய்கிட்ட குடுத்து டைட் பண்ணேன். கையில புடிச்சா கல்லு மாதிரி இருக்கு."

"எத்தனை சுத்து?"

"அதெல்லாம் நான் எண்ணுவேனா? நான் என்ன உங்க ஸ்டோர்ஸா?"

"வியாழக்கிழமையா? புதன்கிழமைதானே நான் அரைச்சுத்து…" சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

"நீங்களா? என் வண்டியிலயா?"

"கையாலதான். ஸ்பேனர் போடல."

"ஸ்பேனர் போடலயாம்! பெரிய உபகாரம்!"

அப்போது என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே, "சண்டை வேணாம், நானும்தான்" என்றாள்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம். அவள் விரல் மூட்டு வீங்கி ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியாதவள்.

"நீ எப்படித் திருகினே?"

"நான் எங்க திருகினேன். முனையில இஸ்திரி வண்டி போடறாரே, அவருகிட்ட சொன்னேன். நீங்க மத்தியானம் தூங்கும்போது. சனிக்கிழமை சனிக்கிழமை. அவருக்கு நல்ல பலம்."

"எத்தனை தடவை?"

"எண்ணல. நாலஞ்சு இருக்கும்."

"ஏன் அத்தை?" என்றாள் மருமகள்.

"பிரேக் லூஸுன்னு இவர் கண்டுபிடிச்சா உன்கிட்ட சொல்லுவார். சொன்னா நீ கோச்சுப்பே. நீ கோச்சா இவர் சாப்பிட மாட்டார். இவர் சாப்பிடலன்னா மஸ்கட்லேருந்து அவன் போன் பண்ணுவான். நட்டு இறுகிட்டா வீட்டுல பேச்சே இல்லியேன்னு…"

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்த அதே வாயோடு அவள் முகம் மாறியது. "மூணு பேரு. ஒரு நட்டு. ஆளுக்கொரு பக்கம் ஒளிஞ்சு ஒளிஞ்சு திருகியிருக்கோம். இந்த வீட்டுல யாரும் யார்கிட்டயும் வாயைத் தொறக்கறதே இல்லையா?"

எனக்கு அந்தக் கேள்வியைவிடக் கணக்குதான் முதலில் தெளிவாயிற்று. லீவர் தளர்ந்திருந்தால் அவளே உணர்ந்து டிரம்மைத் திறக்கச் சொல்லியிருப்பாள். தளர்வதற்குள் ஒருவர் மாற்றி ஒருவர் இறுக்கிக்கொண்டே இருந்தோம். லீவர் எப்போதும் உறுதியாக இருந்தது, ஆகவே யாரும் திறந்து பார்க்கவில்லை. அளவுக்கு மீறி இறுக்கியதால் ஷூ ஓயாமல் உரசி, தேய வேண்டியதைவிட வேகமாகத் தேய்ந்தது. தேயத் தேய மறுபடி இறுக்கினோம்.

சாப்பிட்டதும் பேத்தியை மனைவியிடம் விட்டுவிட்டு மெக்கானிக் கடைக்குக் கிளம்பினோம். கடை மேம்பாலத்தின் அடியில், பக்கவாட்டு ரோட்டில். ஞாயிறு திறந்திருக்கும், அவருக்கு வெள்ளிதான் பாதி நாள் லீவு. மருமகள் சாவியைப் போட்டாள். நான் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"மாமா, இதோ இருக்கு கடை. மெதுவா ஓட்டிட்டுப் போறேன்."

"தள்ளிக்கிட்டுப் போகலாம்."

"இந்த வெயில்லயா?"

"நான் பின்னால தள்றேன்."

தள்ளினோம். சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். ஓட்டிக்கொண்டு போகும்போது என்ஜின் இரைச்சலில் இது யாருக்கும் கேட்டிருக்காது. எதிர்வீட்டுக் கன்னடக்காரர் மாடியிலிருந்து, "யாக்கே சார், பெட்ரோல் காலியா?" என்றார்.

"பெட்ரோல் ஃபுல்லா இருக்கு அங்கிள், எனக்குப் பொறுமைதான் காலி" என்றாள் மருமகள், நிற்காமல்.

மெக்கானிக் எங்களைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "வாங்க மேடம். மறுபடி டைட்டா?"

"கழட்டிப் பாக்கணும் பாய்" என்றேன்.

"அரே, கழட்டறது பெரிய வேலை சார். சைலன்சர் எடுக்கணும், சக்கரம் எடுக்கணும். டைட் பண்ணித் தர்றேன், சட்டுனு ஆயிடும்."

"டைட் பண்ண இடமில்லை. பாருங்க."

குனிந்து பார்த்தார். நட்டைத் தொட்டார். எங்கள் இருவரையும் பார்க்காமல் ஸ்பேனர் பெட்டியை இழுத்தார்.

சக்கரம் வெளியே வந்தபோது கறுப்புப் பொடி கொட்டியது. "மூஞ்சி வெக்காதீங்க, அது நெஞ்சுக்கு ஆவாது" என்று ஈரத் துணியால் துடைத்தார். ஒரு ஷூவில் பட்டை நகத்தின் தடிமனுக்கு இருந்தது. இன்னொன்றில் ஒரு முனையில் பட்டையே இல்லை. அலுமினியம் பளபளத்தது. அது உரசிய இடத்தில் டிரம்மின் உள்சுவரில் கீறல்கள் வட்டமாக ஓடின. ஆறு என்று எண்ணினேன், பிறகு ஏழு.

"என்ன பாய், இதைப் பாக்காமயே இத்தனை நாள் திருகினீங்களா?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

அவருக்கும் கோபம் வந்தது. "நா இன்னா சார் பண்றது? மேடம் வருவாங்க, இஞ்சினை ஆஃப்கூடப் பண்ண மாட்டாங்க. பேகா பேகா, சீக்கிரம் பண்ணுங்க பாய், பெல் அடிச்சுடும்பாங்க. தொறந்து பாக்கணும்னா நாளைக்கு வர்றேன்பாங்க. அந்த நாளைக்கு இன்னிக்குத்தான் வந்திருக்கு. நா ரெண்டு தரம்தான் டைட் பண்ணேன். இது ரெண்டு தரம் பண்ண மாதிரியா இருக்கு? வேற எந்தக் கடைக்குப் போனீங்க?"

"வேற கடையெல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கு" என்றாள் மருமகள்.

அவர் டிரம்மை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். கீறல் ஆழமில்லை, இந்த ஷூவுக்குத் தாங்கும், அடுத்த முறை டிரம்மையே பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் கடைக்கு வெளியே நின்றோம். எங்களுக்கு எதிரே மேம்பாலத்துச் சரிவு. வண்டிகள் இறங்கி வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணத் தொடங்கினேன், விட்டுவிட்டேன்.

"மாமா," என்றாள் அவள், சரிவைப் பார்த்தபடியே, "அந்தச் செருப்பு வார் அறுந்து போகல."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அன்னிக்கு நல்ல மழை. அந்தப் பக்கச் சரிவுல இறங்கறோம். கீழே பஸ் நின்னுடுச்சு. லீவரைப் புடிச்சேன். கல்லு மாதிரிதான் இருந்தது, ஆனா வண்டி நிக்கல. இன்னும் புடிச்சேன். போய்க்கிட்டே இருக்கு. ஈரத்துல முன் பிரேக்கை அழுத்தினா சறுக்கும், பின்னால பாப்பா. ரெண்டு காலையும் கீழே ஊணிட்டேன்."

"பஸ்?"

"அதுக்கும் எங்களுக்கும் நடுவுல என் கை நுழையாது. பாப்பா சிரிச்சா. அம்மா, இன்னொரு தரம் சறுக்கலாம்னா."

கடை வாசலில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தேன். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

நான் யோசித்தேன். சாவியை எடுத்து ஒளித்திருப்பேன். மஸ்கட்டுக்குப் போன் போட்டிருப்பேன். பள்ளிக்கு ஆட்டோ வைத்திருப்பேன், ஒருவேளை வேலையையே விடச் சொல்லியிருப்பேன். ஆனால் டிரம்மைத் திறக்கச் சொல்லியிருப்பேனா? கடைசியில் சொல்லியிருப்பேன். அது ஐந்தாவதாகத்தான் வந்திருக்கும்.

"கதவுத் தாழ்ப்பாளுக்கும் உங்களுக்கு இதே குரல்தான் மாமா. கேஸ் சிலிண்டருக்கும் இதே குரல், பாப்பா தும்மினாலும் இதே குரல். இதுல எது நெஜம்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் நானே பாய்கிட்ட ஓடினேன், டைட் பண்ணுங்கன்னு." பிறகு கொஞ்சம் தணிந்து, "நான் தொறக்கச் சொல்லியிருக்கணும்" என்றாள்.

அவள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும் என்றிருந்தது. நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தேன். இரண்டு குதிகாலும் ஒரே சாய்வில் தேய்ந்திருந்ததையும் வார் அறுபடாததையும் பார்த்திருந்தேன். மரையை எண்ணியவன்தான் அதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்க்கவில்லை. இதை அவளிடம் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் என் செருப்பையுமா என்று கேட்டிருப்பாள்.

புது ஷூ மாட்டி, சக்கரம் ஏற்றி, மெக்கானிக் நட்டைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். வெளியே இரண்டே மரை. அவள் உட்கார்ந்து லீவரை அழுத்த, நான் பின்னால் குனிந்து அம்பைப் பார்த்தேன்.

"புடிச்சியாம்மா?"

"புடிச்சிருக்கேன்."

"முழுசா?"

"மாமா, இதுக்கு மேல புடிச்சா கை கழண்டுரும்."

அம்பு கோட்டுக்கு வெகு தூரத்தில் நின்றது. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்தால் அரை நிமிஷம்கூட ஆவதில்லை.

திங்கள் காலை அவள் கிளம்பும்போது வாசலில் லீவரை இரண்டு முறை பிடித்துப் பார்த்தாள். "கொஞ்சம் லூஸா இருக்கற மாதிரி இல்ல?"

புது ஷூ டிரம்மோடு படிந்து உட்காரச் சில நாள் ஆகும். லீவரில் ஒரு விரல் அளவு சும்மா அசைகிற இடம் இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி உரசல். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், நட்டின் பக்கம் என் கை போயிற்று. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "இருக்கட்டும்மா. அப்படித்தான் இருக்கணும். பாலத்துல மட்டும் முன்கூட்டியே புடி" என்றேன். உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். இஸ்திரிக்காரரிடம் போக மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளும் அன்று கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள்.

இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், கோவில் சுவரோரம் அவள் லீவரைப் பிடிப்பாள், நான் அம்பைப் பார்ப்பேன். பேத்தி மரையை எண்ணிச் சொல்லும். முன் பிரேக்கும் அப்படியே. முன்பல் விழுந்த வாயால் "மூணு" என்று சொல்லும், நான் நம்பாமல் ஒரு முறை எண்ணிக்கொள்வேன். மற்ற நாட்களில் வண்டியைப் பற்றிப் பேச்சில்லை. லீவர் திடீரென்று உள்ளே போனாலோ, கரகரத்தாலோ, இறங்கும்போது சக்கரம் சுட்டாலோ மாதம் முடியக் காத்திருக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். சொல்வாளா என்பதுதான் எனக்குத் தெரியாதது. மரையை எண்ணலாம். ஒருவர் சொல்லாமல் விட்டதை எப்படி எண்ணுவது?

அதனால் மாலையில் அவர்கள் உள்ளே போனதும், வாசலில் கழற்றிய செருப்பைத் திருப்பிப் பார்க்கிறேன். போன வாரம் மனைவி பார்த்துவிட்டாள். "ஏங்க, செருப்பைக் கவுத்து வச்சா வீட்டுல சண்டை வரும்னு தெரியாதா? இருக்கற சண்டை போதாதா?" என்று குனிந்து நிமிர்த்தி வைத்தாள்.

நேற்று வலது செருப்பின் குதியில் ஒரு புதுத் தேய்வு இருந்தது. சின்னதுதான், ஒரு பக்கம் மட்டும். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்பதானால் எந்தக் குரலில் கேட்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் காப்பியோடு வெளியே வந்தவள், என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டம்ளரை நீட்டினாள்.

"ஸ்கூல் படிக்கட்டு, மாமா" என்றாள். "நெஜமா. படிக்கட்டுதான்."

நம்பினேன். செருப்பை நேராக வைத்தேன். முதல் ஞாயிறு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது.